இருபது வயதில் குறுக்கு வலி

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ஒரு வேலை நடந்துவருகிறது. வயலில் பாடுபடும் ஆண்களையும் பெண்களையும் நிற்கவைத்தும் உட்காரவைத்தும் அளவெடுக்கும் வேலை அது. ஆளின் உயரம், தோளின் உயரம், தரையிலிருந்து முழங்கை எவ்வளவு மேலே இருக்கிறது, விரல்களை வளைத்தால் எவ்வளவு தடிமனான கைப்பிடி அடங்கும், ஒரு கையால் எவ்வளவு விசையோடு இழுக்க முடியும் என்று 70-க்கும் மேற்பட்ட அளவுகள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் ஒருங்கிணைக்கும் அகில இந்தியத் திட்டம் இது. அதன் மையங்களில் ஒன்று கோவை. களைக்கருவியின் கைப்பிடி அரை அடி கீழே இருந்தால் அதைத் தள்ளும் பெண் நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். அரை அடி மேலே இருந்தால் சாயங்காலத்துக்குள் தோள் கழன்றுபோகும். அதனால்தான் கருவி செய்யும் முன் ஆளை அளக்கிறார்கள். திருந்திய நெல் சாகுபடியில் வரிசைகளுக்கு நடுவே கோனோவீடர் என்னும் களைக்கருவியை நிமிர்ந்து நின்று தள்ளிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவுகளின் அருமை தெரியும்.

பணிச்சூழலியல், அதாவது எர்கனாமிக்ஸ், இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லவே இதைச் சொல்கிறேன். ஆனால் அதே பல்கலைக்கழகத்திலிருந்து பீளமேடு வரை, சரவணம்பட்டி வரை, எட்டிமடை வரை, அந்தப் பக்கம் பெருந்துறை, சத்தியமங்கலம் வரை பரந்து கிடக்கும் கல்லூரிகளில் நாள்தோறும் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை யாரும் இப்படி அளந்து பெஞ்சு செய்ததாகத் தெரியவில்லை. களை எடுப்பவரின் முதுகுக்குக் காட்டும் அக்கறையை மாணவரின் முதுகுக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கொங்குப் பகுதிக் கல்லூரி மாணவர் ஒருவரின் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடுமலையிலிருந்தோ கோபியிலிருந்தோ வருபவர் என்றால் காலை ஏழு மணிக்கு முன்பே கல்லூரிப் பேருந்தில் ஏறியாக வேண்டும். முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும், கையில் போன், கழுத்து மடிந்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். ஒன்பது மணி சுமாருக்குத் தொடங்கும் வகுப்பு நான்கரை வரை போகும். நடுவில் ஒரு தேநீர் இடைவேளை, ஒரு சாப்பாட்டு இடைவேளை. மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் மாலையில் பிளேஸ்மென்ட் பயிற்சி. கணினி முன் கோடிங். மறுபடியும் பேருந்து. வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும், அசைன்மென்ட் முடிக்க வேண்டும். விடுதி மாணவருக்குப் பேருந்து மிச்சம். ஆனால் அறையில் மேசை இருந்தாலும் அதன்மேல் பக்கெட்டும் துணியும் இருக்கும். எனவே கட்டில்தான் படிப்பறை. சுவரில் தலையணையைச் சாய்த்து, மடியில் மடிக்கணினியை வைத்து, மோவாய் நெஞ்சில் முட்டப் பாதி ராத்திரி வரை. உட்கார்ந்தே இருக்கும் நேரம் எப்படிப் பார்த்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது.

பிசியோதெரபி நிலையங்களின் காத்திருப்பு இருக்கைகளில் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளைப் பார்த்து இப்போது யாரும் வியப்பதில்லை. ‘குறுக்குப் புடிச்சுக்கிச்சுங்க’ என்பது நம் பக்கத்தில் மூட்டை தூக்குபவரும் நாற்று நடுபவரும் சொல்லும் சொல். இருபது வயதுப் பையனும் பெண்ணும் அதைச் சொல்கிறார்கள். 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு அடிமுதுகு வலி இருந்ததாகவும், மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் அதுவே முதலிடத்தில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பங்கு நடுவயதுக்காரர்களும் முதியவர்களும்தான். ஆனால் நடுவயதில் முற்றும் பழக்கத்துக்கு விதை விழுவது மாணவப் பருவத்தில்.

வகுப்பறைப் பெஞ்சைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இரும்புச் சட்டத்தில் உட்காரும் பலகையும் எழுதும் பலகையும் சேர்த்து வெல்டு வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உட்காரும் பலகையின் உயரம் பெரும்பாலும் 45 செ.மீ. அளவில் இருக்கும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. சுமார். அந்த உயரமுள்ள பெண்ணுக்கு உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 40 செ.மீ. கூட இருக்காது. ஆக, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அவள் பாதம் தரையில் முழுதாகப் படியாது, பலகையின் முனை தொடையின் அடியில் வெட்டும், கால் மரத்துப்போகும். அதனால் நுனிக்கு நகர்ந்து உட்காருவாள். நுனிக்கு வந்ததும் முதுகுக்கு அண்டை கொடுக்க எதுவும் இல்லை. அதே பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் ஆறடிப் பையனின் நிலை வேறு: முழங்கால் மேசையில் முட்டும், எழுதும் பலகை அவனுக்குத் தாழ்வு, வில்லாக வளைந்துதான் எழுத முடியும். ‘நேரா உக்காரு’ என்று ஆசிரியர் இருவரையும் அதட்டலாம். அந்தப் பெஞ்சில் இருவராலும் அது முடியாது.

எழுதுபலகை வைத்த நாற்காலிகள் கருத்தரங்கக் கூடங்களிலும் தேர்வு அறைகளிலும் இருக்கும். பலகை வலப்பக்கம்தான். இடக்கைப் பழக்கமுள்ள மாணவி மூன்று மணி நேரத் தேர்வை இடுப்பைத் திருகியபடியே எழுதி முடிக்கிறாள். வாங்கும்போது நூறு நாற்காலிக்குப் பத்து இடப்பக்கப் பலகை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தீர்ந்துபோகும் விஷயம். அந்த ஒரு வரியை எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு மனத்தாங்கல்.

அடுத்தது மடிக்கணினி. தமிழ்நாடு அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது; கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது திறந்துவிட்ட வாசல் சாதாரணமானதல்ல. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிப்பு வந்தது. நல்ல திட்டம். ஆனால் மடிக்கணினி என்ற பொருளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியவை. விசைப்பலகை முழங்கை உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், கழுத்து குனியும். திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கினால் கை மேலேறும், தோள் தூக்கிக்கொள்ளும். எப்படி வைத்தாலும் உடம்பில் ஓரிடம் விலை கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலைக்கு இது பெரிதல்ல. நான்கு ஆண்டு, நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் என்றால் பெரிது.

நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். தலை நேராக இருக்கும்போது கழுத்து தாங்குவது சுமார் 5 கிலோ. 15 பாகை குனிந்தால் 12 கிலோ. 60 பாகை குனிந்தால் 27 கிலோ. உயிருள்ள மனிதரின் கழுத்தில் கருவி பொருத்தி அளந்ததல்ல, கணினி மாதிரியில் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எண் கூடக்குறைய இருக்கலாம். குனியக் குனியச் சுமை ஏறுகிறது என்பதில் ஐயமில்லை. மடியில் போனை வைத்துப் பார்க்கும் பேருந்துப் பயணியின் கழுத்து எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை யாரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாலே தெரியும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. தனி விசைப்பலகையும் மவுஸும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மடிக்கணினியை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி வைத்து, விசைப்பலகையைக் கீழே முழங்கை மட்டத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கால் எட்டவில்லையா, ஒரு செங்கல்லோ பழைய பலகையோ போதும். இதை இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

சொல்லிக் கொடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடல்நலம் என்ற பெயரில் கல்லூரிகளில் நிகழ்ச்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. மாணவர்களைக் கலையரங்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, முதுகை நேராக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் பேசிவிட்டுப் போகிறார். சான்றிதழ் வழங்கப்படுகிறது. மறுநாள் அதே பெஞ்சு, அதே கட்டில். இந்த வகைப் பயிற்சியால் பயன் மிகக் குறைவு என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றே உண்டு. அமெரிக்காவில் அரசு வரித்துறை ஊழியர்களிடம் பென்ஜமின் அமிக் குழுவினர் நடத்திய ஆய்வு 2003-ல் ‘ஸ்பைன்’ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு உடம்புக்கேற்ப நன்றாகச் சரிசெய்துகொள்ளக்கூடிய நாற்காலியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும். இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓராண்டு கவனித்தார்கள். பொழுது ஏற ஏற வலியும் ஏறுவது நாற்காலியும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களிடம் குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இந்த முடிவை நம் கல்லூரி நிர்வாகங்கள் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். பிள்ளையின் பழக்கத்தைக் குறை சொல்வது செலவில்லாத வேலை. பெஞ்சை மாற்றுவதற்குத்தான் காசு வேண்டும். ஆகவே குறை பிள்ளையின் பழக்கத்தில் இருப்பதாகவே பேசி வந்திருக்கிறோம். வீட்டிலும் ‘கூன் போடாத கண்ணு’ என்பதோடு நம் கடமை முடிந்தது. அதே சமயம் நாற்காலியை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டாலும் போதாது. அடியில் இருக்கும் நெம்புகோல் எதற்கென்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை எந்த அலுவலகத்திலும் காணலாம். இரண்டும் சேர வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘நேராக, ஆடாமல் அசையாமல்’ என்பதும் மருந்தல்ல. 1960-களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் முதுகெலும்பின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் கூடுதல், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் இன்னும் கூடுதல் என்று கண்டார். பின்னால் வந்த அளவீடுகள், முதுகைச் சாய்மானத்தில் நன்கு சாய்த்து உட்கார்ந்தால் அழுத்தம் இறங்குவதைக் காட்டின. அந்த வட்டுக்கு வளர்ந்தவர்களிடம் சொந்த ரத்தக்குழாய் கிட்டத்தட்டக் கிடையாது. சுற்றியுள்ள எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு ஊட்டம். உடம்பு அசைய வேண்டியதன் காரணங்களில் அதுவும் ஒன்று. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே ‘சரியான’ உட்காரும் முறை இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் இன்று சொல்வதில்லை. தூக்கம், தேர்வுப் பதற்றம், தசை வலு, எல்லாமே வலியில் பங்கெடுக்கின்றன. அடிக்கடி நிலையை மாற்றுவதும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பதும்தான் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளும் அறிவுரை.

‘அந்தக் காலத்தில் தரையில் உட்கார்ந்து படித்தோம், எங்களுக்கு என்ன வந்துவிட்டது’ என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தவர் சம்மணம் போட்டார், காலை நீட்டினார், ஒருக்களித்தார், தூணில் சாய்ந்தார். தரையிலிருந்து எழுந்து உட்காருவதே ஒரு பயிற்சி. பழைய மண்டிக்கடைகளில் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் இருந்த சாய்வு மேசையை நினைத்துப் பாருங்கள். எழுதும் பரப்பு கண்ணை நோக்கி எழும்பி வரும். டென்மார்க்கின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஏ. சி. மாண்டல் 1970, 80-களில் பள்ளி மேசைகள் தட்டையாகவும் தாழ்வாகவும் இருப்பதுதான் பிள்ளைகள் வளையக் காரணம் என்று எழுதி, சாய்ந்த மேசைப்பரப்புக்காக வாதாடினார். நம் கணக்குப்பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருந்தது. நாம்தான் தட்டைப் பலகைக்கு மாறினோம்.

கொங்கு மண்ணுக்கு இந்த வேலை வராதா என்ன? ஆட்டுக்கல் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளிய பெண்களின் தோளும் இடுப்பும் பட்ட பாட்டைப் போக்கியவை கோவையின் பட்டறைகள். 1955-ல் பி. சபாபதி இங்கே வெட் கிரைண்டரை உருவாக்கினார். முதலில் வந்தவற்றில் கல்லைத் தூக்கித்தான் மாவை வழிக்க வேண்டும். அந்தச் சுமையும் முதுகில்தான் இறங்கியது. பிறகு சாய்க்கும் கிரைண்டர் வந்தது. பிறகு மேடைமேல் வைத்து நின்றபடியே அரைக்கும் சிறிய கிரைண்டர் வந்தது. உடம்பு எங்கே நோகிறது என்று பார்த்துப் பார்த்துக் கருவியைத் திருத்தியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளுக்கு, நான்கு துளை போட்டு உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெஞ்சுச் சட்டம் செய்வது ஒரு வாரத்து வேலை. கேட்பவர்தான் இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்த்த ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் சாலையிலும் நிற்கும் பெண்களின் காலுக்காகச் சட்டமன்றம் பேசியது பெரிய காரியம். எழுந்திருக்க விடாமல் உட்காரவைக்கப்படும் மாணவருக்காக யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. கால அட்டவணையைத் திருத்தினால் போதும். இரண்டு மணி நேரத் தொடர் வகுப்பின் நடுவே மூன்று நிமிடம் எழுந்து நிற்கலாம் என்று ஒரு துறைத்தலைவர் சொல்லிவிட்டால் அது நடைமுறை ஆகிவிடும்.

முதலாம் ஆண்டில் சேரும் பொறியியல் மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி கட்டாயம் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017 முதல் சொல்லிவருகிறது. அதில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். கலையரங்கத்தில் அல்ல, மாணவர் உட்காரப்போகும் ஆய்வகத்திலும் விடுதி அறையிலும். ஒவ்வொருவரும் தம் முழங்கால் மடிப்பு உயரத்தையும் உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரத்தையும் ஒரு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளட்டும். இயந்திரப் பொறியியல் மாணவருக்கு இது பாடமும் கூட. பீளமேட்டில் பொறியியல் கல்லூரியும் பிசியோதெரபி கல்லூரியும் ஒரே அறக்கட்டளையின் கீழ் நடக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தில் அளவெடுக்கும் அனுபவம் குவிந்து கிடக்கிறது. பிசியோதெரபி மாணவர் வந்து உட்காரும் விதத்தைப் பார்க்கட்டும், பொறியியல் மாணவர் பெஞ்சை வரையட்டும், ஊர்ப் பட்டறை செய்து கொடுக்கட்டும். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எங்கிருந்தோ விலைக்கு வாங்கி வரும் தலைப்புகளைவிட இது எவ்வளவோ மேல்.

வலி வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெரும்பாலான முதுகு வலி சில வாரங்களில் தானாகவே தணியும். படுத்தே கிடப்பதைவிட முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் வலி தொடையைத் தாண்டிக் காலுக்கு இறங்கினால், கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அது அவசர நிலை. ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. முதுகெலும்புச் சிகிச்சைக்கு உலக அளவில் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை இருக்கும் ஊர் இது. ‘இந்த வயசுல உனக்கென்ன குறுக்கு வலி’ என்ற கேலிக்கு அஞ்சி மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இனி மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, பையும் மின்னேற்றியும் கேட்பதுபோல ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், மடிக்கக்கூடிய ஒரு தாங்கி ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்கட்டும். பெட்டிக்குள், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று தமிழில் படம் போட்ட ஒரு தாளும் இருக்கட்டும். லட்சக்கணக்கில் வாங்கும்போது இவற்றின் விலை கடைவிலையைவிட வெகுவாக இறங்கும். கோவையின் கல்லூரி முதல்வர்கள் சேர்ந்து உயர்கல்வித் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால், அடுத்த கொள்முதலுக்கு முன்பே இது நடக்கக்கூடும்.